சாறு இடாத குழி

கருவறைபோல் இருளடர்ந்த ஆய்வறையில், உயிரணுக்கள் வளரும் சிறு குழிகள் கொண்ட கண்ணாடித் தட்டின்மீது தங்கை குனிந்திருக்கிறாள். மூளையைக் காக்கும் புரதம் பெருகினால் உயிரணுக்கள் பச்சையொளி வீசும். இலைச்சாறு இட்ட குழிகள் ஒளிர்கின்றன. சாற்றைக் கரைத்த வெறுந்திரவம் மட்டும் இட்ட குழிகளும் அவ்வாறே ஒளிர்கின்றன. இலைக்கு இதில் பங்கில்லை. சாறு இடாத இக்குழிகளைப் பாராமலே, அப்பாவின் மறதிநோய்க்கு இந்த இலை உதவும் என்று சென்ற வாரம் வீட்டில் மகிழ்ந்து சொல்லிவிட்டாள். செவியருகே கைப்பேசியில் தமக்கை சிரிக்கிறாள். "நீ சொன்ன இலைச்சாறுதான்டி குடுக்கறேன். மாத்திரையெல்லாம் குப்பையில போட்டாச்சு. அப்பா இன்னிக்கு என்னை யாருன்னு கேக்கவே இல்ல, தெரியுமா, டாக்டரம்மா!" "அக்கா, அந்த மாத்திரைய..." தமக்கை இடைமறிக்கிறாள். "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்." மூச்சொலி நெருங்குகிறது. "வணக்கம்," என்கிறது மரியாதை தவறாத அக்குரல். "யாருங்க பேசறது?"