நாற்பது கதவு

அறையில் இருந்தவர்கள்: முதலாளி, அவருடைய மச்சினன், சோதனை பார்க்கும் அக்கா, இன்றைக்கு வேலை போகப்போகிற முட்டுக்கட்டை. மொத்த நிறுவனமும் அவ்வளவுதான். நாலாவது ஆளுக்கு அந்தப் பெயரை வைத்ததே முதலாளிதான்.

ஏசி செத்து மூன்று நாள். மூடிய அறையில் வியர்வையும் பழைய காப்பியும் சேர்ந்து நாறின. திரையில் சிவப்பு எழுத்து. அவர்கள் செய்யும் கதவுப் பூட்டின் மென்பொருளைக் கட்டும் வேலை பாதியில் நின்றிருந்தது.

"என்னதான்டா வேணுமாம் அதுக்கு?"

"சார், பூட்டுக்கு வேண்டிய துண்டையெல்லாம் பேக்கேஜ் மேனேஜர்ங்கிற புரோகிராம்தான் தேடிச் சேர்க்குது. வெளிய கார்டு படிக்கிற துண்டு, டைமரோட புது வெர்ஷனைக் கேக்குது. உள்ள இருந்து திறக்கிற பட்டனோட துண்டு அதே டைமர்ல பழசைக் கேக்குது. ரெண்டும் ஒண்ணா ஒத்துவராதுன்னு நிக்குது," என்றான் முட்டுக்கட்டை.

"ஃபோர்ஸ்னு ஒரு கட்டளை போட்டா வாயை மூடிட்டுப் புதுசை வெச்சே கட்டிடும் மாமா," என்றான் மச்சினன். பல்லில் சிக்கியதை நகத்தால் எடுத்து, அதே விரலைக் கீபோர்டில் வைத்தான்.

அக்கா முகத்தைச் சுளித்தாள். "அப்போ பட்டன்?"

"வெறும் பட்டன்தானேக்கா."

"நாப்பது கதவும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகுது," என்றான் முட்டுக்கட்டை. "தீப்பிடிச்சா உள்ள இருக்கிறவன் அந்தப் பட்டனைத்தான் அமுக்குவான். இதை அனுப்பலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மதியம் வண்டி வருதுடா! போட மாட்டேன்னா கார்டை வெச்சுட்டுக் கிளம்பு. உன் மூஞ்சியப் பாத்தாலே குமட்டுது."

"எனக்கும் அப்படித்தான் சார்."

மச்சினன் ஃபோர்ஸ் போட்டான். கட்டி முடிந்த மென்பொருள் முதலில் அந்த அறைக் கதவிலேயே ஏறும். அங்கே அதுதான் வழக்கம்.

முட்டுக்கட்டை கழுத்துக் கார்டைக் கழற்றி மேசையில் போட்டான். சிந்திக் கிடந்த காப்பியில் அது ஒட்டிக்கொண்டது. சுவரிலிருந்த பட்டனை அழுத்தி வெளியே போனான். கண்ணாடிக் கதவு அவன் பின்னால் மெல்ல மூடியது.

திரை பச்சையானது. டொக்கென்று கதவு பூட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? என்னமா பூட்டுது!" முதலாளி கை தட்டினார். மச்சினனும் தட்டினான்.

அக்கா எழுந்து போய்ப் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மச்சினன் உள்ளங்கையால் அறைந்தான். முதலாளி கட்டைவிரலால் குத்திக்கொண்டே இருந்தார். கதவு அசையவில்லை.

முட்டுக்கட்டை வெளியே லிஃப்டுக்காக நின்றிருந்தான். முதலாளி கண்ணாடியைத் தட்டினார். அவர் எச்சில் அதில் தெறித்து வழிந்தது.

"டேய்... தம்பி! வெளியிலேருந்து உன் கார்டைக் கொஞ்சம் காட்டுப்பா!"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அது உங்க மேசை மேல இருக்கு சார்."