அது சாப்பாடா?

"பிடிச்சு உள்ளே போடுங்க மேடம் இவனை! போலீசுக்கும் சொல்லிட்டேன்."

அச்சக முதலாளி சுகாதார ஆய்வாளரிடம் கேன்டீன் சமையல்காரரைக் காட்டிக் கத்தினார்.

நேற்று சாயங்காலத்திலிருந்து பத்தொன்பது பேருக்கு வாந்தி, பேதி. பைண்டிங் அக்கா ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"அத்தனை பேரும் படுத்துட்டாங்க. சமைச்சவன் மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான் பாருங்க!"

ஆய்வாளருக்கும் அதே சந்தேகம்தான். கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"நேத்து மதியம் நீங்க எங்கே சாப்பிட்டீங்க?"

"இங்கதாம்மா. அதே சாப்பாடுதான்." சமையல்காரர் வாட்ச்மேனைக் காட்டினார். "வாட்ச்மேனும் நானும் ஒண்ணாத்தான் உக்காந்து சாப்பிட்டோம்."

வாட்ச்மேனும் கல்லுமாதிரிதான் இருந்தார். ஆய்வாளருக்கு எங்கோ இடித்தது.

கொஞ்சம் தெம்பு வந்த நாலு பேர் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போனார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

காலையில் அவரவர் வீட்டில், மதியம் கேன்டீனில். நாலு பேருக்கும் ஒரே பதில்.

"பார்த்தீங்களா?" என்றார் முதலாளி.

கேட்ட விதம்தான் தப்போ என்று ஆய்வாளருக்குப் பட்டது.

"சாப்பாட்டை விடுங்க. நேத்து வாயில என்னென்ன போட்டீங்க? மிட்டாயா இருந்தாலும் சொல்லுங்க."

மெஷின்காரர் தலையைச் சொறிந்தார். "மூணு மணிக்கு ஒரு துண்டு கேக். அதெல்லாம் ஒரு சாப்பாடா மேடம்?"

"நானும் ஒண்ணு எடுத்தேன்."

"நான் ரெண்டு."

நாலாவது ஆளும் ஆமென்று தலையை ஆட்டினார்.

ஆய்வாளர் சட்டென்று சமையல்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"கேன்டீன் பக்கம் வரலைம்மா," என்றார் சமையல்காரர். "வாசல்ல வாட்ச்மேனுக்கும் யாரும் குடுக்கலை."

"கேக் யார் வாங்கிட்டு வந்தது?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றார் முதலாளி. "என் பேத்தி பிறந்தநாள் கேக். எல்லாருக்கும் என் கையாலேயே எடுத்துக் குடுத்தேன்."

"நீங்க சாப்பிட்டீங்களா சார்?"

"நானா? ஐயையே! கிரீம் கேக் மேடம் அது. வெட்டினது போக மிச்சம் மூணு நாளா ஃப்ரிட்ஜுக்கு வெளியவே கிடந்துச்சு, வீட்ல ஒருத்தரும் தொடலை. குப்பையில போட மனசு வரலை, அதான் இங்க கொண்டு வந்தேன்."