ஏழாவது கழி

ஒல்லாந்துத் துரைகள் கோலால் பந்தடித்து விளையாட, பழவேற்காட்டுக் கோட்டைக்கு வெளியே மணல்திடலில் ஏழு கழிகள் நட வேண்டியிருந்தது. துரை தாளில் வரைந்து காட்டிய இடங்களில் மீனவக் குப்பத்து எட்டியப்பன் ஆறு நட்டுவிட்டான். இன்னொரு கழி கிடைக்காமல், போன மாதம் ஏரியில் காணாமல் போன தம்பியின் படகுக் கழியை ஏழாவதாக நட்டான். ஏரிக்காரர்கள் படகைக் கட்டத்தான் கழி நடுவார்கள். அவசரத்தில் அது அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அந்தக் கழியில் ஈரக்கயிறு கட்டியிருந்தது. தண்ணீரோ கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருந்தது. முடிச்சைப் பார்த்தான். இடக்கைக்காரன் போட்டது. தம்பி இடக்கைக்காரன். அவிழ்த்து எறிந்தான். அடுத்த நாளும் கட்டியிருந்தது.

"அத்தப் புடுங்கிப் போட்டுரேன்யா," என்றாள் மனைவி மங்கா.

"ஏழுன்னு எண்ணி வெச்சிருக்கான் துரை. ஒண்ணு கொறஞ்சா தோலை உரிச்சிடுவான்."

மூன்றாம் நாள் காலை, மறுமுனையில் படகு இழுப்பதுபோலக் கயிறு விறைத்து நின்றது. எட்டியப்பன் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அது ஏரிப் பக்கம் போகவில்லை. குப்பத்துக்குள் திரும்பி, அவன் குடிசைப் படலுக்கு அடியில் நுழைந்தது.

உள்ளே மங்காவின் குரல் கேட்டது.

"மெதுவா துன்னு தம்பி. ஒங்கண்ணன் இப்ப வந்துரும்."