காளியாத்தாள் டாக்டரின் வசவு

"ஆசையெல்லாம் இவளுக்குத்தான் டாக்டர். நான் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுண்டாச்சு" என்றார் சுந்தரேசன்.

டாக்டர் காளியாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த பட்டுவைப் பார்த்தார். அவள் மடியில் ஐந்து மாதக் குழந்தை. புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆசைங்க? மறுபடி சொல்லுங்க. எனக்குச் சரியாக் காதுல விழலை."

சுந்தரேசன் குரலைத் தணித்தார். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் அவர் மானேஜர்.

"பம்பாய்ல ஒரு ஆபரேஷன் பண்றாளாம். மார்புக்குள்ள சிலிக்கான்னு ஏதோ வெச்சுத் தெச்சு, எடுப்பா ஆக்கிடுவாளாம். எனக்கு அங்கே மாத்தலாயிருக்கு. பெரிய பெரிய பார்ட்டிக்கெல்லாம் போகணுமாக்கும். குழந்தை பொறந்தப்பறம் உடம்பு பழையபடி இல்லைன்னு இவளுக்கு ஒரு குறை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அகளியிலிருந்து வந்த ஒருத்தி, பிள்ளைக்குப் பால் போதவில்லை என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

பட்டு தலைப்பை இழுத்துக் குழந்தையை மூடினாள்.

"ரெண்டு பஸ் மாறி வந்து ஒருத்தி பால் ஊறலைன்னு அழுவறா. உனக்கு ஊறுது. குழந்தை கண்ணை மூடிட்டு நிம்மதியாக் குடிக்குது. அது வயித்தைப் பத்தி நினைப்பில்லை, உனக்கு பார்ட்டியில எடுப்பா நிக்கணுமாக்கும்?"

"இதையேதான் நானும் சொல்றேன்" என்றார் சுந்தரேசன். "கேட்டாத்தானே."

"நீங்க இவளை வெச்சுட்டு இத்தனை பொறுமையா இருக்கறதே பெரிசுங்க."

கதவோரம் நின்ற ஆயா பூவாத்தாள், "பல்லு வலி, இடுப்பு வலின்னு வருவாங்க. இது புது வலியா இருக்குதுங்கம்மா" என்றாள்.

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பூவாத்தாள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ, பண்ணவே முடியாதுங்கறேளா?" என்று கேட்டார் சுந்தரேசன்.

"பண்றதும் பண்ணாததும் பம்பாய்க்காரங்க பாடு. எப்பங்கறதை மட்டும் நான் சொல்றேன். குழந்தை பால் மறக்கணும். மறந்து ஆறு மாசம் போகணும். அப்பத்தான் உடம்பு ஒரு நிலைக்கு வந்து நிக்கும். இன்னொரு குழந்தை வேணும்னா, அதையும் பெத்து, அதுவும் பால் மறந்து, அதுக்கப்புறம் ஆறு மாசம். அவசரப்பட்டா அத்தனையும் பாழ்."

சுந்தரேசன் விரல் விட்டு எண்ணினார்.

"மலையாளக் கணக்குக்கு இன்னிக்குத் துலா மாசம் பத்து. இன்னியோட பாலை நிறுத்தினா மேட மாசம் பத்துக்கு ஆறு மாசம். விஷு கழிஞ்ச கையோட வெச்சுக்கலாம். பால் வத்தறதுக்கு மாத்திரை இருக்காமே டாக்டர்? ஒரு சீட்டு எழுதித் தந்தேள்னா..."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டுவின் பக்கம் திரும்பினார்.

"இதையும் புருஷன் வாயால கேக்க வெச்சுட்டியா? நல்ல சாமர்த்தியம். எழுத மாட்டேன். வேற எங்கயாவது வாங்கித் தின்னேன்னு தெரிஞ்சுது, உன்ற ஊட்டுக்கே வந்து திட்டுவேன். ரெண்டு வயசு வரைக்கும் இது குடிக்கோணும். கேக்குதா?"

பட்டு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ டாக்டர்."

இத்தனை திமிரை டாக்டர் தம் கிளினிக்கில் பார்த்ததில்லை. மேஜையைத் தட்டி, "ரெண்டு வயசு" என்றார். வெளியே பேச்சுக் குரல்கள் சட்டென்று அடங்கின.

சுந்தரேசன் எழுந்தார். "டாக்ஸி நிக்கறதான்னு பார்த்துட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பட்டு எழுந்திருக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன? போய் வேற டாக்டரைப் பாரு."

"பார்த்தாச்சு டாக்டர். ரெண்டு பேர்கிட்டப் போனோம். ரொம்ப மரியாதையாப் பேசினா. ஒருத்தர் மாத்திரைகூட எழுதிக் கொடுத்தார். நான் முழுங்கலை. கொல்லையில எறிஞ்சுட்டேன்."

"எறிஞ்சியா?"

"ஆமாம். நீங்க ஒருத்தர்தான் ஆள் பார்க்காம வைவேள்னு எங்க கல்பாத்தி அக்ரஹாரத்துல எல்லாரும் சொன்னா. அதான், போனா உங்ககிட்டத்தான் போகணும்னு ஒத்தைக்கால்ல நின்னேன்."

இத்தனை நேரம் தாம் வைததெல்லாம் யாரைப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது டாக்டருக்கு மெல்ல விளங்கியது.

"அப்ப இந்த ஆசை உன்றது இல்லையா, கண்ணு?"

"எனக்கு எதுக்கு டாக்டர்? வேண்டாம்னு நான் நூறு தரம் சொல்லிட்டேன். அவர் காதுல ஏறலை. இப்போ நீங்க என்னை வைததை அவரும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டாரோல்லியோ, அது போறும். இவன் ரெண்டு வயசு வரைக்கும் குடிச்சுடுவான்."

குழந்தை ஏப்பம் விட்டது.

காளியாத்தாள் டாக்டர் பேனாவை எடுத்து மூடி வைத்தார். இப்போதுதான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது.

"பூவாத்தா, வெளியில எத்தனை பேர் உக்காந்திருக்காங்க?"

"பதினேழு பேருங்கம்மா. அத்தனையும் பொம்பளைங்க."

"டாக்ஸி பார்க்கப் போனாரே, அந்த ஆளைக் கூட்டிட்டு வா. அவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திப்போடாதே. அகலத் திறந்தே இருக்கட்டும்."