துண்டுக்கடியில் ஒரு ட்ரில்

மாட்டுத் தரகர் நாச்சிமுத்துவுக்கு ஞாயிறன்று கிட்டார் பரீட்சை. வலக்கை விரல்கள் அடுத்தடுத்த இரு நரம்புகளை மாறிமாறிச் சுண்டி ஒரே துடிப்பாக்கவேண்டிய ‘ட்ரில்’ என்ற சுர அதிர்வு மட்டும் மூன்று மாதமாகக் கிழட்டு எருதுபோல நொண்டியடித்தது. வியாழச் சந்தையில், துண்டுக்கடியில் விரல் பிடித்து, விரல் எண்ணிக்கையால் விலை பேசுகையில், அதே விரல்கள் வியாபாரி கருப்பணனின் உள்ளங்கையில் தாமாகத் துடிக்க ஆரம்பித்தன.

“என்னுங்க மாமா, மூணுங்கறீங்க, நாலுங்கறீங்க! ஒண்ணுல நில்லுங்க.”

“கையை எடுத்துராதீங்க மாப்ள. இப்பத்தான் சீரா வருது.”

“எது?”

நாச்சிமுத்து விரல்களை விடாமல் ஓட்டினார். கருப்பணன் தலையைச் சாய்த்து, தன் உள்ளங்கையையே காதாக்கிக் கேட்டான்.

“விலை ஏறுதா, எறங்குதா?” என்று பதறினார், விற்க வந்த மாட்டைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற மாட்டுக்காரர்.

“ரெண்டுமில்லீங்க. சித்த சும்மா இருங்க” என்ற கருப்பணன், நழுவிய துண்டை மறுகையால் இழுத்து மூடினான்.