போகாத துரு

புது லாரி வந்து பத்து நாளாகியும் முதல் லோடு ஏற்றாததால், டிரைவருக்கு வீட்டில் கால் நிலைகொள்ளவில்லை. போனால் திரும்ப இரண்டு மாதமாகும். ஆனாலும் துருப்பிடித்த வண்டியோடு கிளம்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அச்சு, போல்ட்டு என்று பெயிண்ட் படாத இடமெல்லாம் சாயங்காலம் உப்புத்தாளால் தேய்ப்பான். காலையில் மறுபடி பூத்திருக்கும்.

பொறுக்கமுடியாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே இழுத்து வந்தான். அவர் அச்சைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மேல் துரு புது வண்டிக்குச் சகஜம்தான், ஓடினா தானா போயிடும். ஆனா இது உப்புக் கரிக்குதே. கடலோரமா ஓட்டினியா?”

“வாசலை விட்டே நகரலண்ணே. உப்புத்தாள் போட்டுத்தான் தேய்ச்சேன்.”

“உப்புத்தாள்ல ஏதுய்யா உப்பு?”

அவனும் விரலை அச்சில் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

கல்யாணமாகி மூன்றே மாதமான மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க, உப்பு தீர்ந்துபோச்சு. ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க.”

“முந்தாநாள்தானே வாங்கி...” என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: “ரெண்டு எப்படிப் போதும்? நாலா வாங்கிட்டு வரேன்.”