பிப்ரவரி முப்பது

"மூணு நாளா வேலை நிக்கிறதுக்கு இந்த ஆலிஸ்தான் காரணம்" என்றார் மேனேஜர் உடையப்பன்.

1987. மலேசியாவின் ஈப்போவில் ஒரு வீடமைப்புச் சங்கம். மூடப்பட்ட ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குக் குனோங் ராபாட்டில் வீடு. நாளை குலுக்கல். ஆறு வருடமாகக் கிளார்க் ஆலிஸ் பழைய கம்ப்யூட்டரில் அடித்து வைத்த பெயர்களைப் புது டேட்டாபேஸ் பாதியிலேயே துப்பியது.

சரிசெய்யக் கோலாலம்பூரிலிருந்து ஜெயபாலன் வந்திருந்தான். "பழைய புரோகிராம் கோபோல்ல எழுதினது சார்."

"கோபாலா? எந்தத் தோட்டத்து ஆளு? கூப்பிடு லா."

"ஆள் இல்ல சார். கம்ப்யூட்டர் பாஷை."

ஆலிஸ் சிரிப்பை அடக்க இருமினார்.

மத்தியானம் ஜெயபாலன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "கெடச்சிருச்சு சார். முப்பத்தேழு பேரு பிப்ரவரி முப்பதாம் தேதி பொறந்திருக்காங்க."

"பிப்ரவரிக்கு ஏது முப்பது?"

"அதைத்தான் புதுசு கேக்குது. பழசு எதைக் கொடுத்தாலும் முழுங்கிரும்."

இருளாயி, பிப்ரவரி முப்பது. பத்துமலை, பிப்ரவரி முப்பது. வாசிக்க வாசிக்க அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே கேக் போதும் சார்."

உடையப்பன் சிரிக்கவில்லை. "தூங்கிக்கிட்டே டைப் அடிச்சிருக்கு. முப்பத்தேழையும் அழி. ஆலிஸ், உனக்கு வார்னிங் லெட்டர்."

ஆலிஸ் எழுந்து வந்தார். "அழிக்காதீங்க சார். அவங்க அடையாள கார்டு ஐ.சி.யில பொறந்த வருஷம் மட்டும்தான் இருக்கு. தோட்டத்துல பொறந்தப்ப யாரும் பதியல. தேதியக் காலியா விட்டா பழைய புரோகிராம் பேரையே தூக்கிரும். அப்பவே உங்ககிட்ட கேட்டேன். பட்டியல்லேர்ந்து தள்ளிடுன்னீங்க. மனசு வரல, அதான் இந்தத் தேதியப் போட்டு வச்சேன்."

உடையப்பன் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. "பத்துமலை... எங்கப்பாகூட பால்மரம் வெட்டுனவரு."

"புதுசு காலித் தேதிய ஏத்துக்கும் சார்" என்றான் ஜெயபாலன். "இந்த முப்பதையெல்லாம் எடுத்துட்டா போதும்."

மூன்று மணிக்கு முப்பத்தேழு பெயரும் குலுக்கல் பட்டியலில் ஏறின. வார்னிங் லெட்டர் பேச்சையே உடையப்பன் எடுக்கவில்லை. எல்லாருக்கும் பால் சேர்க்காத கோப்பி ஓ வாங்க அவரே கிளம்பினார். கதவு வரை போய்த் திரும்பி, "கோபாலுக்கும் ஒண்ணு வாங்கவா?" என்றார். ஆபீஸே சிரித்தது.

அவர் போனதும் ஜெயபாலன் குரலைத் தாழ்த்தினான். "என்னக்கா நீங்க, ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருந்தா எந்த மெஷினும் நின்னிருக்காது. உங்களுக்கும் திட்டு விழுந்திருக்காது."

"தெரியும் தம்பி. ஜனவரி ஒண்ணுன்னா நெஜம்னு நம்பி விட்டுருவாங்க. முப்பதுன்னாத்தான் என்னைக்காச்சும் ஒருத்தர் நின்னு, இவங்களுக்கு ஏன் தேதி இல்லன்னு கேப்பாங்க. ஆறு வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன் லா."